கடல் விஞ்ஞானச் சிறப்புப் பட்டத்தின் ஆய்வாண்டு: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வடக்கிலும் கிழக்கிலும் கடல், கரையோர விஞ்ஞானத்தில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் நடத்தும் பாடத்திட்டக் குழுக்களுக்கும் பீடச் சபைகளுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை எழுதுவோர் சிறப்புப் பட்ட ஆய்வேடுகளை மேற்பார்வை செய்பவர்கள், அவற்றைத் திருத்துபவர்கள், மாணவரோடு நீரில் இறங்குபவர்கள், ஆய்வுகூடத்தில் கரைசல் கலப்பவர்கள். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. கரையோரத்தில் மூன்று நிலையங்களில் மாதந்தோறும் நீரை அளக்கும் வேலையைத் துறையே ஏற்று நடத்த வேண்டும். நான்காம் ஆண்டு மாணவரின் ஆய்வு அந்தத் தொடர் பதிவின்மேல் நிற்க வேண்டும். ஏன் கேட்கிறோம், எப்படிச் செய்வது, எங்கே பிசகும் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

முதலில் நாட்காட்டி. நம் வானிலை ஆண்டுக்கு நான்கு பகுதிகள்: மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். கரையில் உள்ளவர்கள் தென்மேல் பருவத்தைச் சோளகம், வடகீழ்ப் பருவத்தை வாடை என்று காற்றை வைத்தே சொல்லிவிடுவார்கள். வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. ஓகஸ்ட்டில் ஆனையிறவில் உப்பு விளைகிறது; மழைக்குப் பின் அதே யாழ்ப்பாணக் கடனீரேரியின் உட்பகுதியில் உவர்ப்பு வெகுவாக இறங்கிவிடுகிறது. மட்டக்களப்பில் முகத்துவாரத்து மணற்றிட்டு உடையும் நாளோ, வெள்ளத்துக்காக அதை வெட்டிவிடும் நாளோ வாவியின் நிலையைச் சில நாட்களிலேயே மாற்றிவிடும்.

பல்கலைக்கழக ஆண்டு இவற்றில் எதையும் பார்த்துத் தொடங்குவதில்லை. 2020 தொற்றும் 2022 எரிபொருள் தட்டுப்பாடும் குழப்பிய கால அட்டவணையில் ஓர் அணியின் நான்காம் ஆண்டு பெப்ரவரியில் தொடங்கலாம். அடுத்த அணிக்கு அது ஓகஸ்ட்டாக இருக்கலாம். தலைப்புத் தெரிவு, முன்மொழிவு, அனுமதி, இரசாயனக் கொள்வனவு எல்லாம் முடிய மூன்று மாதம் போய்விடும். எழுதவும் திருத்தவும் பிணைக்கவும் கடைசி மூன்று மாதம் வேண்டும். நடுவில் எஞ்சுவது நாலைந்து மாதம். அந்த நாலைந்து மாதத்து நீரை வைத்துக்கொண்டு அட்டையில் "பருவகால மாறுபாடு" என்று அச்சிடுகிறார்கள். ஒரு பருவத்தின் வாலையும் அடுத்ததன் தலையையும் பார்த்தவருக்கு அந்தத் தலைப்பில் எழுத உரிமையில்லை. பன்னிரண்டு மாதமும் அளந்தவருக்குக்கூட ஒவ்வொரு பருவமும் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கும். அந்த வருட வாடை வழக்கமான வாடையா, 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் வந்ததுபோல விலகிய ஒன்றா என்று அந்த ஆய்வேட்டை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம்; பாடங்களுக்கு ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம், ஆய்வுக்குக் குறைந்தது 100. ஆய்வுக்கு 8 கிரெடிட் ஒதுக்கினால் 800 மணித்தியாலம். மூன்று நிலையங்களை மாதம் ஒருமுறை அளக்க வெளிக்களத்தில் ஒரு நாள், ஆய்வுகூடத்தில் இரண்டு நாள், ஆக 24 மணித்தியாலம் போகும். ஓர் ஆண்டுக்கு 288. தொடர் அவதானத்தை ஒரு மாணவரின் தலையில் கட்டினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய், அவருடைய சொந்தக் கேள்விக்கு மிஞ்சுவது 512 மணித்தியாலம். எழுதும் நேரமும் அதற்குள்தான். ஆகவேதான் துறை நடத்த வேண்டும் என்கிறோம். மூன்றாம் ஆண்டில் 2 கிரெடிட்டுக்கு ஒரு வெளிக்களச் செய்முறைப் பாடம் வைத்து, நால்வர் கொண்ட குழுக்கள் மாதந்தோறும் முறை வைத்து மாறி மாறி இறங்கட்டும். ஒரு தொழினுட்ப உத்தியோகத்தர் எல்லா மாதமும் கூடப் போகட்டும். குழு மாறலாம், அளக்கும் முறை மாறக் கூடாது. அதற்கு அவர்தான் காவல்.

நிலையங்களைப் பாலங்களில் வையுங்கள். யாழ்ப்பாணக் கடனீரேரியில் பண்ணைப் பாலம், சங்குப்பிட்டிப் பாலம், ஆனையிறவு; மட்டக்களப்பு வாவியில் முகத்துவாரம், கல்லடிப் பாலம், மண்முனைப் பாலம். வள்ளம் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், காற்றுக் கடுமை என்று பயணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பாலத்தின் கீழ் நீரோட்டம் கூடுதலாக இருக்கும், அது கடனீரேரி முழுவதற்கும் பொருந்தாது என்று மறுப்பு வரும். நியாயமான மறுப்புத்தான். ஆனால் பதினைந்து ஆண்டு இடைவிடாமல் அளந்த ஒரு பாலம், நான்கு மாதம் மட்டும் அளந்த பத்து நல்ல இடங்களைவிட அதிகம் சொல்லும்.

நாளைப் பூரணையோடு கட்டுங்கள். நம் கரைகளில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றரைத் தொடுவதே அரிது. அதனால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள நீரில் அரை மீற்றர் என்பது மூன்றில் ஒரு பங்கு. ஓரிடத்தில் பூரணையை ஒட்டிய பெருநீர் ஏறத்தாழ ஒரே மணிக்கு வருவதால், ஒவ்வொரு மாதமும் பூரணைக்கு மறுநாள் அதே மணிக்கு அளந்தால் வற்றுப்பெருக்கின் விளைவு பெரும்பாலும் சமமாகிவிடும். பூரணை அன்றே ஏன் கூடாது என்றால், அன்று போயா விடுமுறை, ஆய்வுகூடம் பூட்டியிருக்கும்.

நிலையங்களைச் சுற்றும் ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். எப்போதும் பண்ணையில் காலை ஏழு மணிக்கும் ஆனையிறவில் பதினொரு மணிக்கும் அளந்தால், ஒட்சிசனில் தெரியும் வித்தியாசம் இடத்தினுடையதா நேரத்தினுடையதா என்று பிரிக்க முடியாது. கடற்புல் உள்ள நீரில் விடியலில் ஒட்சிசன் தாழ்ந்திருக்கும், பிற்பகலில் நிரம்பல் அளவையும் தாண்டும். மூன்று நிலையங்களையும் ஒரே மணிக்கு மூன்று குழுக்கள் அளப்பதே நல்லது. ஆள் போதாவிட்டால் ஒவ்வொரு நிலையத்தின் மணியையும் ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்து, மாதங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், நிலையங்களை ஒப்பிடாதீர்கள்.

இனி எவற்றை அளப்பது. வெப்பநிலை, உவர்ப்பு, கரைந்த ஒட்சிசன், தொங்கல் திண்மம் (நீரில் மிதக்கும் துகள்), குளோரபில் (நுண்பாசியின் பச்சையம்). இந்த ஐந்தும் போதும். போசணை உப்புகளை அளக்க ஆசை வரும். ஐந்தை ஈராண்டு தவறாமல் செய்து காட்டிய பிறகு அதைப் பார்க்கலாம்.

ஒட்சிசனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆய்வேடுகளில் அதிகம் பிழையாக வருவது அதுதான். மின்வாய்க் கருவியை வாங்கிய அன்றே நம்பிவிடுகிறார்கள். அந்தக் கருவியில் உவர்ப்பை உள்ளிட வேண்டும். பூச்சியத்திலேயே விட்டால் அது நன்னீர் என்று எடுத்துக்கொள்ளும். 30 பாகை செல்சியஸில் நன்னீரின் நிரம்பல் அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம், உவர்ப்பு 35 உள்ள கடல்நீருக்கு ஏறத்தாழ 6.2. உவர்ப்பை உள்ளிட மறந்தவரின் எண்கள் எல்லாம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கும். காலை ஏழு மணிக்கு 7.5 என்று ஓர் அட்டவணை சொன்னால் பரீட்சகர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே மாதம் ஒரு முறையாவது விங்க்ளர் நியமிப்பால், அதாவது கரைந்த ஒட்சிசனை இரசாயன முறையில் அளந்து, கருவியைச் சரிபார்க்க வேண்டும். 300 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலின் அடிவரை இறப்பர்க் குழாயை விட்டு, போத்தலின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நீர் வழிந்தோடும்வரை நிரப்புங்கள். வாளியிலிருந்து ஊற்றக் கூடாது. ஊற்றும்போதே வளி கலந்துவிடும். மங்கனீசு சல்பேற்று 1 மில்லிலீற்றர், கார அயடைட்டு 1 மில்லிலீற்றர், இரண்டையும் குழாயியின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி விடுங்கள். குமிழி இல்லாமல் மூடி, பதினைந்து தடவை தலைகீழாகப் புரட்டுங்கள். கபில நிற வீழ்படிவு பாதிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி புரட்டி இறங்க விடுங்கள். வீழ்படிவு வெள்ளையாகவே இருந்தால் அந்த நீரில் ஒட்சிசன் இல்லை என்று பொருள். மழைக்குப் பிந்திய தேக்கங்களில் அப்படி வரலாம், மறுபொருளில் (சேர்த்த இரசாயனத்தில்) பழுது என்று எண்ணி மாதிரியை எறிந்துவிடாதீர்கள். பின்னர் செறிந்த சல்பூரிக்கமிலம் 1 மில்லிலீற்றர். வீழ்படிவு முழுதும் கரைந்ததும் 201 மில்லிலீற்றரை எடுத்து 0.025 நோமல் தயோசல்பேற்றால் நியமித்தால், செலவான ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் ஒட்சிசனைக் குறிக்கும். 200 அல்லாமல் 201 ஏன் என்றால், சேர்த்த இரண்டு மில்லிலீற்றர் மறுபொருள் அதே அளவு மாதிரியை வெளியே தள்ளியிருக்கிறது.

பிசகும் இடங்கள் மூன்று. முடிவுப் புள்ளியை நிறத்தால் காட்டச் சேர்க்கும் மாப்பொருளை முதலிலேயே சேர்ப்பது: கரைசல் வெளிர் மஞ்சளாகும்வரை காத்திருக்காவிட்டால் அயடீன் மாப்பொருளோடு இறுகிப்போய் முடிவுப் புள்ளி இழுபடும். தயோசல்பேற்றைப் போத்தலில் ஒட்டிய செறிவை நம்பிப் பயன்படுத்துவது: அந்தக் கரைசல் நாள்பட வலுவிழக்கும், பயன்படுத்தும் நாளிலேயே நியமக் கரைசலால் செறிவைக் காண வேண்டும். போத்தலை வெயிலில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பது மூன்றாவது. மறுபொருள் சேர்த்த போத்தல்களைக் கழுத்துவரை நீரில் அமிழ்த்தி, இருட்டில் கொண்டுவர ஒரு மூடிய குளிர்பெட்டி வேண்டும். விலை கூடிய பொருளல்ல. ஆனால் எந்தக் கொள்வனவுப் பட்டியலிலும் அது இருப்பதில்லை.

உவர்ப்புக்குப் பலரிடம் இருப்பது முறிவுமானி, ஒளி நீரில் எவ்வளவு முறிகிறது என்பதை வைத்து உவர்ப்பைக் காட்டும் கருவி. காய்ச்சி வடித்த நீரைத் துளியிட்டுப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் பூச்சியம்தான் சரியாகும். மேல்முனை சரியா என்று தெரியாது. 36.5 கிராம் உலர்ந்த சோடியம் குளோரைட்டை 963.5 கிராம் வடிநீரில் கரைத்தால், அதன் முறிவுக் குணகம் உவர்ப்பு 35 உள்ள கடல்நீரினதற்குச் சமம். அதில் கருவி 35 காட்ட வேண்டும். உணவுத் தொழிலுக்கான உப்புக் கரைசல் முறிவுமானிகளும் சந்தையில் விற்கின்றன. அவை கடல்நீரில் ஏறத்தாழ ஒன்றரை அலகு கூட்டிக் காட்டும். சோளகத்தில் கடனீரேரியின் உட்பகுதி நீர் கருவியின் அளவுகோலைத் தாண்டினால், நிறை அளந்து சம அளவு வடிநீர் சேர்த்து, வாசித்ததை இரண்டால் பெருக்கலாம்.

தொங்கல் திண்மத்தில் ஒரே ஒரு பிழை, ஆனால் பெரிய பிழை. கடல்நீரை வடித்த தாளில் உப்பு நிற்கும். வடிநீரால் மூன்று தடவை, தாளின் ஓரம் உட்பட, கழுவாமல் 105 பாகையில் உலர்த்தி நிறுத்தால், மாணவர் நிறுத்தது சேற்றையும் உப்பையும் சேர்த்துத்தான். உவர்ப்புக் கூடிய மாதங்களில் கலங்கலும் கூடியிருக்கிறது என்று ஓர் அழகான தொடர்பு வரைபில் வரும். அந்தத் தொடர்பு முழுக்க முழுக்க உப்பு. நீரின் தெளிவைப் பார்க்கக் கயிற்றில் இறக்கும் செக்கித் தட்டை இங்கே பரிந்துரைக்க மாட்டோம். இரண்டு மீற்றருக்குக் குறைந்த நீரில் தட்டு மறையுமுன் தரையில் போய்க் குந்திவிடும்.

குளோரபிலுக்கு: கண்ணாடி நார் வடிதாளில் அரை லீற்றர் அல்லது ஒரு லீற்றர், மெல்லிய உறிஞ்சலில், தாளை மடித்து ஈயத்தாளில் சுற்றி உறையவைத்தல், 90 வீத அசற்றோன் 10 மில்லிலீற்றரில் இருட்டில், குளிரூட்டியில் 24 மணித்தியாலம், மையநீக்கல், பின்னர் 664, 647, 630, 750 நனோமீற்றர்களில் ஒளி உறிஞ்சலை வாசித்தல். 750 இல் வருவது கலங்கல், அதை மற்ற மூன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். 11.85 பெருக்கல் 664 வாசிப்பு, கழித்தல் 1.54 பெருக்கல் 647 வாசிப்பு, கழித்தல் 0.08 பெருக்கல் 630 வாசிப்பு. வருவதைப் பிரித்தெடுத்த கனவளவால் மில்லிலீற்றரில் பெருக்கி, வடித்த நீரின் கனவளவால் லீற்றரில் வகுக்க, லீற்றருக்கு மைக்கிரோகிராம் கிடைக்கும். கலம் ஒரு சென்ரிமீற்றர் அகலமானால் வேறு திருத்தம் வேண்டாம். சாதாரண பிளாஸ்ரிக் கலத்தை அசற்றோன் அரித்து மங்கலாக்கிவிடும். கண்ணாடிக் கலம் இரண்டு வாங்கிப் பூட்டி வையுங்கள்.

இந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தால் நான்காம் ஆண்டு மாணவர் எதைச் செய்யலாம்? கேள்வி கேட்கலாம். புங்குடுதீவு, வேலணை, பூநகரிக் கரைகளில் உள்ள கடலட்டைப் பண்ணைகளை எடுத்துக்கொள்வோம். வலை வேலிக்குள் கடற்புல் குறைகிறதா என்பது ஊரில் நடக்கும் வாதம். இதற்கு வழமையாக வரும் ஆய்வுத் திட்டம்: ஒரு பண்ணைக்குள் தரையில் வைத்துக் கடற்புல்லை அளக்கும் சதுரச் சட்டகம் 30, வெளியே 30 சட்டகம், பிறகு இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை. இதில் மாதிரி எண்ணிக்கை முப்பது அல்ல, ஒன்று. ஒரு பண்ணையையும் ஒரு வெளியிடத்தையும் ஒப்பிட்டால் கிடைப்பது அந்த இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம். வேலியால் வந்ததா, ஆழத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று முப்பதாயிரம் சட்டகம் வைத்தாலும் தெரியாது. நான்கு பண்ணை, அவற்றின் அதே ஆழத்தில் நான்கு திறந்த இடம், ஒவ்வொன்றிலும் அரை மீற்றர்ச் சட்டகம் 15. மொத்தம் 120. ஒரு சட்டகத்துக்கு நான்கு நிமிடம் என்றால் 480 நிமிடம், எட்டு மணித்தியாலம். வற்று நேரத்தில் வசதியாக வேலை செய்யக் கிடைப்பது மூன்று மணித்தியாலம் என்று வைத்தால் மூன்று நாள் வேலை. பகுப்பாய்வில் ஒவ்வோர் இடத்தின் 15 சட்டகத்தையும் ஒரு சராசரியாக்கி, நான்குக்கு நான்கு என்று ஒப்பிட வேண்டும். எண் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் நேர்மையான எண்.

இந்தக் கணக்கைப் புள்ளிவிபரவியல் பாடம் சொல்லித் தராதா என்று கேட்பீர்கள். அது முதலாம் ஆண்டில், நாணயம் சுண்டி, நடந்து முடிந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டின் இரண்டாம் அரையாண்டுக்கு அதைக் கொண்டுவாருங்கள். நிலையங்களின் பழைய பதிவையே மாணவருக்குத் தரவாகக் கொடுங்கள். ஒரே வாளியில் எடுத்த மூன்று போத்தல் மூன்று மாதிரியல்ல என்பதைத் தாங்களே அளந்த எண்களில் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

இன அடையாளமும் பாதுகாப்புக் கரைசலும் தனித்தனி விடயங்கள் என்று நினைக்கிறார்கள். கடலட்டையில் இரண்டும் ஒன்று. கடலட்டையை உறுதிப்படுத்துவது அதன் தோலில் உள்ள நுண்ணிய சுண்ணச் சிற்றெலும்புகளை வைத்து. சிறு தோல் துண்டை வீட்டு வெளிற்றும் திரவத்தில் இட்டுத் தசை கரைந்ததும், வடிநீரால் பலமுறை கழுவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். மாதிரியை வெறும் போமலினில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் அதில் உருவாகும் அமிலம் அந்தச் சிற்றெலும்புகளைத் தின்றுவிடும். பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கடலட்டைக்கு மதுசாரம். அடித்தள விலங்குகளுக்குப் போமலின் என்றால், கடைப் போமலினில் ஒரு பங்கோடு ஒன்பது பங்கு கடல்நீர், போராக்ஸ் சேர்த்துக் காரப்படுத்தியது. இன்னொன்று: நம் கரையின் நீலக்கால் நண்டை இன்னும் பல ஆய்வேடுகள் போர்ட்டூனஸ் பெலாஜிக்கஸ் என்றே எழுதுகின்றன. 2010 இல் வெளியான மீளாய்வு அதை நான்கு இனமாகப் பிரித்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது போர்ட்டூனஸ் ரெற்றிகுலேற்றஸ். மேற்கோள் பட்டியலைப் பழைய ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்தால் இப்படித்தான் வரும்.

உயிரியலுக்குள்ளேயே எல்லோரும் நிற்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடற்கரையின் உருவத்தை அளக்கும் ஆய்வுகள் மிகக் குறைவு. 2004 டிசெம்பர் 26 ஐக் கண்ட கரை இது. அளக்கச் செலவும் பெரிதில்லை. ஒன்றரை மீற்றர்க் கம்பு இரண்டு, நாடா ஒன்று, அடிவானம். இரண்டு கம்பையும் குறிப்பிட்ட இடைவெளியில் நிறுத்தி, கடற்பக்கக் கம்பின் உச்சியை அடிவானத்தோடு ஒரே கோட்டில் பார்த்து, கரைப்பக்கக் கம்பில் எவ்வளவு கீழே அந்தக் கோடு வெட்டுகிறது என்று குறிப்பதுதான் எமெரி முறை. கடனீரேரியில் எதிர்க்கரை அடிவானத்தை மறைக்கும். அங்கே மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த நீர்க்குழாய் போதும். ஒரு நிபந்தனை: தொடங்கும் இடம் வேலிக் கதியாலோ பனையோ ஆகக் கூடாது. நில அளவைத் திணைக்களத்தின் உயரக் குறிக்கல்லோ, மதகின் கொங்கிறீற்றோ வேண்டும். கைத்தொலைபேசி காட்டும் உயரம் இதற்கு உதவாது; அதன் பிழையே பல மீற்றர்.

அனுமதிகளை மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேடி அலைவதை நிறுத்துங்கள். முருகைக்கல், ஆமை, ஆவுளியா (கடற்பசு) என்றால் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே இறங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் ஒப்புதல் வேண்டும். மீன்பிடி வலைகளோடு சம்பந்தப்பட்டால் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம். கரையோர வலயத்தில் எதையாவது நிறுவினால் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டம். துறைத் தலைவரின் பெயரில் ஆண்டுக்கு ஒரு விண்ணப்பம், நிலையங்களும் இனங்களும் மாதிரி அளவும் குறித்து, முன்மொழிவுகள் வரும் முன்பே போக வேண்டும். மாணவர் முன்மொழிவு எழுதிய பிறகு விண்ணப்பித்தால் கடிதம் வரும்போது பருவம் போய்விடும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. தனியாக யாரும் நீரில் இறங்கக் கூடாது. தடித்த அடியுள்ள காலணியோடு, காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்க வேண்டும். திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அதற்கு ஒரு சுடுநீர்ப் போத்தல் வாகனத்தில் இருக்க வேண்டும்.

இனித் தரவு. ஒவ்வோர் அணியும் வெளியேறும்போது அதன் எண்களும் மடிக்கணினியோடு வெளியேறுகின்றன. நூலகத்தில் இருப்பது சராசரியும் நியம விலகலும் கொண்ட அட்டவணை. மூலப் பதிவு இல்லை. 2021 மே 20 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணையும் அவற்றுள் இருந்தது. அப்படி ஒன்று நாளை பாக்கு நீரிணையில் நடந்தால், முதலாவது கேள்வி முன்பு நீர் எப்படி இருந்தது என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் சொல்லக்கூடிய பதிவேடு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று துறை இன்றே சொல்ல முடிய வேண்டும். கருவியின் சரிபார்ப்புக் குறிப்பும், வெளிக்களப் புத்தகத்தின் ஒளிப்படமும், மூல அட்டவணையும் துறையிடம் ஒப்படைக்கப்படாமல் ஆய்வேட்டுக்குப் புள்ளி வழங்கக் கூடாது. பத்து வீதப் புள்ளியையாவது அவற்றுக்கே ஒதுக்குங்கள். இப்போது அந்தப் பத்து வீதம் ஓர இடைவெளிக்கும் எழுத்துருவுக்கும் போகிறது. முடிவுகளின் தமிழ்ச் சுருக்கம் நான்கு பக்கம் அந்தக் கரையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போக வேண்டும். எதிர்த்துக் கேட்கப்படும் கேள்விகள் அங்கிருந்துதான் வரும். வாய்மொழிப் பரீட்சையில் வருவதைவிடக் கடினமானவை.

உங்கள் அடுத்த கூட்டத்தில் முடிவாக வேண்டியவை: மூன்றாம் ஆண்டில் 2 கிரெடிட் வெளிக்களப் பாடம், அதே ஆண்டின் இரண்டாம் அரையாண்டுக்குப் புள்ளிவிபரவியல், நான்காம் ஆண்டு முன்மொழிவு மூன்றாம் ஆண்டு முடிவதற்குள், தொடர் நிலையங்களுக்கு ஒரு தொழினுட்ப உத்தியோகத்தர், மூலத் தரவு ஒப்படைப்பு விதி. முதல் மாதிரியைச் செப்டெம்பர்ப் பூரணைக்கு மறுநாள் எடுத்தால் மழைக்கு முந்திய உவர்ப்புப் பதிவாகிவிடும். வடிதாளும் நியமக் கரைசலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. கொள்வனவுக் கோரிக்கை ஜூன் மாதத்துக்குள் நிதிப் பிரிவுக்குப் போனால்தான் அந்த நாளுக்குக் கையில் கிடைக்கும்.

இப்படிக்கு,
கடல் விஞ்ஞான ஆய்வேடுகளை மேற்பார்வை செய்வோரும் திருத்துவோரும் ஆய்வுகூட உத்தியோகத்தர்களும்